ஊருக்குள் ஒரு தொழில் கூட்டு கட்டுவது எப்படி: காபி, கிழங்கு, கொலுசு

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கிற மாதத்தில், நவம்பர் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு நாகலூர், செம்மநத்தம், கொளகூர் என்று ஏதாவது ஒரு மலைக்கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர் வீட்டு வாசலில் இரண்டு மூட்டை சிவப்புப் பழம் நிற்கும். சீக்கிரம் தோல் உரிக்காவிட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். உரிக்கிற பல்பர் எந்திரம் பெரிய எஸ்டேட்டில் இருக்கிறது, இவரிடம் இல்லை. அதனால் வாசலுக்கு வண்டி கொண்டுவருகிற வியாபாரி சொன்ன விலைக்குப் பழமாகவே கொடுத்துவிடுவார், இல்லையென்றால் தோலோடு காயப்போட்டு செர்ரியாக விற்பார். உரித்து, கழுவி, காயவைத்து பார்ச்மெண்டாகக் கொடுத்திருந்தால் அதே பழத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய பணத்தில் ஒரு பங்கு அந்தச் சாயங்காலத்தோடு போய்விட்டது.

மலையை விட்டு இறங்கி வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போனால் மரவள்ளிக் கிழங்கு. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பிக்கும். சேலம் நகரத்துக்குள் வந்தால் வெள்ளிக் கொலுசு. வெள்ளி கெட்டுப்போகாது, ஆனால் பட்டறைக்காரர் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும், அது திங்கட்கிழமை வரை நிற்காது.

என் அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா வீட்டில் வாழப்பாடிக்குப் பக்கத்தில் கிழங்கு போடுகிறார்கள். நான் ஆறு வருடமாக மலைமேல் ஒரு சின்னக் காபிக் குழுவோடு இருக்கிறேன். மூன்று இடத்திலும் எனக்கு ஒன்றேதான் தெரிகிறது. எங்கே நம்மால் காத்திருக்க முடியவில்லையோ அங்கேதான் நம் விலை போகிறது, அதனால் கூட்டுச் சேர வேண்டியதும் அங்கேதான். பெயர், முத்திரை, தலைவர், அலுவலகம் என்று ஆரம்பித்த குழுக்கள் ஏன் இரண்டு வருடத்தில் பூட்டிக்கொள்கின்றன என்று யோசித்தால், அந்தக் காத்திருக்க முடியாத இடத்தை அவர்கள் தொடவே இல்லை என்பது புரியும். உங்கள் ஊரில் இப்படி ஒன்றை ஆரம்பிக்க நினைக்கிறீர்கள் என்றால், எந்த வரிசையில் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பொருளோடு சேர்ந்து நடங்கள்

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். காபி, மிளகு, ஆரஞ்சு, பலா எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்காதீர்கள். அந்தப் பொருள் உங்கள் ஊரில் பிறந்து வெளியூர் போகிற வரை எத்தனை கை மாறுகிறதோ அத்தனை கையையும் நேரில் போய்ப் பாருங்கள். மலையில் இருந்தால் குப்பனூர் வழியாகவோ அடிவாரம் வழியாகவோ அந்த வண்டியிலேயே ஏறி இறங்குங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எடை யார் போடுகிறார்கள், விலையை யார் சொல்கிறார்கள், பணம் எத்தனாம் நாள் வருகிறது, இந்தக் கையில் பொருள் எத்தனை நாள் தாங்கும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதில் 'ஒரு நாள்', 'இரண்டு நாள்' என்று எங்கே விழுகிறதோ அங்கே வட்டம் போடுங்கள்.

இப்படி நடக்கும்போது இன்னொன்றும் தெரியும். கூட்டு ஏற்கனவே இருக்கிறது. கொலுசையே பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் ஒரு ஜோடி கொலுசு முழுக்க ஒரே வீட்டில் முடிவது அபூர்வம். ஒரு இடத்தில் வெள்ளியை உருக்குகிறார்கள், இன்னொரு இடத்தில் கம்பி இழுக்கிறார்கள், வேறு வீட்டில் கண்ணி கோக்கிறார்கள், பற்றவைப்பது ஒருவர், சலங்கை வைப்பது ஒருவர், மெருகு போடுவது வேறொருவர். வியாபாரி வெள்ளியை எடை போட்டு, டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்துக் கொடுப்பார், பட்டறை கொலுசாகத் திருப்பி எடை போட்டுக் கொடுக்கும், சேதாரம் கழித்துக் கூலி கணக்காகும். இந்தச் சங்கிலி முழுக்க வாய்ப்பேச்சிலும் சின்ன நோட்டிலும் ஓடுகிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளாதார அறிஞர் 1890-லேயே இதைப் பற்றி எழுதினார்: ஒரே தொழிலைப் பல சின்னக் குடும்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்கிற ஊரில், தொழில் ரகசியம் ரகசியமாக இருப்பதில்லை, அது காற்றிலேயே கலந்திருக்கிறது, பிள்ளைகள் தெரியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்று. எங்கள் தெருவில் அது உண்மை. ஆறு வயதில் எனக்கு நல்ல பற்றுக்கும் மோசமான பற்றுக்கும் வித்தியாசம் தெரியும், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

அதனால் வெளியிலிருந்து ஒரு அமைப்பைக் கொண்டுவந்து ஊர்மேல் வைக்காதீர்கள். இருக்கிற கோட்டில் எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஜவ்வரிசிக்காரர்கள் செய்தது

இந்த விஷயத்தில் சேலத்துக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மலேயா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் நூற்றுக்கணக்கில் ஆலைகள் வந்தன. ஆனால் ஆலைக்காரருக்கும் இதே கதைதான். சீசனில் விவசாயிக்குப் பணம் கொடுக்க வேண்டும், மூட்டையை வைக்கக் கிடங்கு இல்லை, எனவே வியாபாரியும் தரகரும் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிற ஆலைக்காரர்கள் 1981-ல் ஒன்றாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்தார்கள். அதுதான் சேகோசர்வ்.

அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். யாருடைய ஆலையையும் அது வாங்கவில்லை, யாரும் எப்படி அரைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உறுப்பினர் சரக்கைக் கிடங்கில் இறக்கலாம், இறக்கிய சரக்கின் மேல் முன்பணம் வாங்கலாம், மாதிரியை ஆய்வகத்தில் பார்ப்பார்கள், வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை போடுவார்கள், அந்த விலை பிடித்தால் கொடுக்கலாம். நான்கே வேலை. ஆனால் நான்கும் சேர்ந்து ஆலைக்காரருக்குக் கொடுத்தது காத்திருக்கிற சக்தி. இத்தாலியில் எமிலியா பகுதியில் ஒரு வங்கி பார்மசான் பாலாடைக்கட்டி உருண்டைகளையே அடமானமாக வாங்கித் தன் கிடங்கில் முதிரவைத்துக் கடன் கொடுக்கிறது. குறைந்தது ஒரு வருடம் முதிர வேண்டிய பொருள் அது, அதுவரை பால்காரருக்கு யார் பணம் கொடுப்பது? ஊர் வேறு, பொருள் வேறு, சிக்கலும் தீர்வும் ஒன்றுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கள் அம்மா வீட்டுக் கதை. அந்தச் சங்கம் ஆலைக்காரர்களுடையது. கிழங்கு போடுகிறவர் அதற்கு வெளியே நிற்கிறார். அவருக்கு விலை பாயிண்டில் கணக்காகிறது, அதாவது மாவுச்சத்து எத்தனை சதவீதம் என்பதில். கிழங்கைக் காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை போட்டு அந்தப் பாயிண்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தராசு ஆலையில் இருக்கிறது. லாரி ஏற்றி வந்தபிறகு, பாயிண்ட் குறைவு என்று சொன்னால் திருப்பி எடுத்துப்போக முடியுமா? நாளைக்குக் கிழங்கு கருத்துவிடும். ஒரு வருடம் எங்கள் மாமாவுக்கு ஒரே வயலில் முதல் லாரிக்கும் மூன்றாவது லாரிக்கும் நாலு பாயிண்ட் வித்தியாசம் சொன்னார்கள், அவர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட இடத்தில் பத்து விவசாயி சேர்ந்தால் என்ன செய்யலாம்? பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வயலில் நாலு மூலையிலும் நடுவிலும் செடி எடுத்துத் தாங்களே பாயிண்ட் பார்க்கலாம். தராசும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் செலவு, முறையை ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்புறம், பிடுங்குகிற வரிசையை ஒன்றாகப் போடலாம். மண்ணுக்குள் இருக்கிறவரை கிழங்கு கொஞ்ச வாரம் பொறுக்கும், வெளியே வந்தால்தான் பொறுக்காது. எல்லோரும் ஒரே வாரத்தில் பிடுங்கி ஆலை வாசலில் லாரி வரிசையில் நிற்பதைத் தவிர்த்தாலே பாதிச் சண்டை குறையும். நடவையே இரண்டு மூன்று வாரம் தள்ளித் தள்ளிப் போட்டால் இன்னும் நல்லது.

யாரைக் கூப்பிடுவது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் முதல் வருடம் வேண்டாம். ஐம்பது பேர் வந்த கூட்டத்தில் நாலு பேர்தான் பேசுவார்கள், மீதிப் பேர் டீ குடித்துவிட்டுப் போவார்கள், அடுத்த கூட்டத்துக்கு அந்த நாலு பேர் மட்டும் வருவார்கள்.

பெரிய நிலக்காரர் ஒருவர் இருக்கலாம், எல்லோரும் பெரியவர்களாக இருக்கக் கூடாது. பெண்கள் கட்டாயம் வேண்டும், அதுவும் கணவர் பெயருக்குப் பின்னால் நிற்காமல் தங்கள் பெயரில். மலையில் பழம் பறிப்பது, பொறுக்குவது, காயவைப்பது பெரும்பாலும் மலையாளி என்கிற மலைப் பழங்குடிச் சமூகப் பெண்கள் கையில்தான் நடக்கிறது, ஆனால் பட்டா ஆண் பெயரில் இருப்பதால் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் காணாமல் போகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா முதல் நாளே கேட்டார், "பழத்தைத் தொடறது நாங்க, கையெழுத்துப் போடறது மட்டும் அவங்களா?" அன்றைக்கே வீட்டுக்கு இரண்டு பெயர் என்று எழுதினோம். பழத்தின் தரம் ஏறியதற்கு அந்த ஒரு முடிவுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். காய், பழுக்காதது, அடிபட்டது எல்லாம் மூட்டைக்குள் போகாமல் தடுக்கிற கண் அவர்களுடையது.

வியாபாரியை என்ன செய்வது? இந்தக் கேள்வியை எல்லோரும் தவறாக ஆரம்பிக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். அவரை ஒழித்துவிட வேண்டும் என்றுதான் முதல் கூட்டத்தில் பேச்சு. ஆனால் நோட்டை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கேட்டபோது, ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவுக்குப் பணம் கொடுத்தவர் அவர், மாமியாரை இரவில் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர், துக்க வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கியவரும் அவர்தான். அவர் குறைந்த விலைக்கு வாங்குகிறார் என்பது உண்மை, அந்தக் குறைந்த விலைக்குள் ஒரு வட்டியும் ஒரு காப்பீடும் ஒளிந்திருக்கிறது என்பதும் உண்மை. பழத்துக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்துவிட்டு ஜூன் மாதத்துக்கு நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால், டிசம்பரில் பழம் அவரிடம்தான் போகும். போகத்தான் வேண்டும், கடன்பட்டவர் வேறென்ன செய்வார்?

ஆகவே கூட்டின் முதல் பணம் சின்னச் சேமிப்பாக இருக்கட்டும். 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பித்தபோது செய்ததும் அதுதான்: முதலில் மாதாமாதம் சேமிப்பு, அப்புறம் அதற்குள்ளேயே சின்னக் கடன், வங்கி அதற்குப் பிறகு. ஏற்கனவே ஊரில் நல்ல மகளிர் குழு இருந்தால் புதிதாக ஒன்று தொடங்காதீர்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். வியாபாரியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எங்கள் ஊரில் ஒரு வியாபாரி இப்போது எங்கள் பார்ச்மெண்டை வாங்குகிறார், விலை பேசித்தான். அவருக்கும் தரமான சரக்கு ஒரே இடத்தில் கிடைப்பது வசதியாக இருக்கிறது.

முதல் வருடம் ஒரே ஒரு வேலை

நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பழைய பல்பர் ஒன்றை வாங்கினோம். தண்ணீர் வசதி இருக்கிறது, களம் இருக்கிறது என்று ஊரிலேயே அதிகம் காபி வைத்திருக்கிற அண்ணன் வீட்டில் வைத்தோம். அவர் நல்ல மனிதர், ஒரு பைசா வாடகை கேட்கவில்லை. ஆனால் எந்திரம் அவர் வீட்டில் இருந்ததால் அவர் பழம் முதலில் உரிந்தது, அவர் தங்கை வீட்டுப் பழம் இரண்டாவது, மற்றவர்கள் இரவு ஒன்பது மணி வரை மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் நாலு பேர் வரவில்லை, அவ்வளவுதான். ஐந்தாவது வாரம்தான் எங்களுக்குக் காரணமே புரிந்தது.

அடுத்த வருடம் கோயில் நிலத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பொது இடத்தில் நாலு கால் நட்டுத் தகரம் போட்டோம். வருகிற வரிசைக்கு டோக்கன். அண்ணனும் டோக்கன் வாங்கி நின்றார், அவர் நின்றதைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் குழு நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. எந்திரம் பொது என்றால் அது நிற்கிற மண்ணும் பொதுவாக இருக்க வேண்டும்.

கணக்கு எப்படி என்று கேட்பீர்கள். முத்திரையிட்ட தராசு வாங்குங்கள், தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காலாகாலத்தில் மறுமுத்திரை போடுங்கள். பழம் வந்தவுடன் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுங்கள், மிதக்கிறது எல்லாம் தனி. மூழ்கின பழத்தை எடை போட்டுக் கரும்பலகையில் பெயரும் கிலோவும் எழுதுங்கள், கிளம்புவதற்கு முன் அந்தப் பலகையை ஒரு படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். சுமார் 100 கிலோ நல்ல பழத்துக்கு 20 கிலோ அளவுக்குக் காய்ந்த பார்ச்மெண்ட் வரும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், அப்போதுதான் கிடங்கில் இருக்கிற மூட்டையை எண்ணி யார் வேண்டுமானாலும் கணக்கைச் சரிபார்க்க முடியும். பொருளாளர் நல்லவர் என்பதால் கணக்கு சரியாக இருக்கக் கூடாது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியும் மூட்டையை எண்ணிப் பார்த்துச் சரி என்று சொல்ல முடிய வேண்டும்.

பழம் கொடுத்த அன்றோ மறுநாளோ ஒரு பகுதிப் பணம், விற்றபிறகு மீதி. முதல் பகுதி வியாபாரி கொடுப்பதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் செலவு தாங்காது. அதற்கான முதலைச் சேமிப்பிலிருந்தும், மலைப்பகுதியில் பழங்குடி மக்களுக்கென்று இருக்கிற லேம்ப் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடத்திலிருந்தும் திரட்டலாம். முதல் வருடம் எல்லாப் பழத்தையும் பொதுவுக்குக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு கேளுங்கள். சீசன் நடுவில் யாராவது வந்து கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுப்பார்கள், இரண்டு வாரம் கொடுப்பார்கள், சில பேர் போவார்கள். அவர்களைக் குழுவிலிருந்து தூக்காதீர்கள். கரும்பலகையில் கடைசிக் கணக்கு எழுதுகிற நாளில் அவர்களையும் கூப்பிடுங்கள், வித்தியாசத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தரத்தில் நாங்கள் ஒரு அடி வாங்கினோம். இரண்டாவது வருடம் ஒரு நிறுவனம் நல்ல விலை சொல்லி மாதிரி வாங்கிக்கொண்டது, சரக்கை ஏற்றி அனுப்பினால் ஈரம் அதிகம் என்று பாதி மூட்டையைத் திருப்பிவிட்டது, போக்குவரத்துச் செலவு எங்கள் தலையில். பார்ச்மெண்டில் ஈரம் 10 சதவீதம் அளவுக்கு வர வேண்டும். நாங்கள் பல்லில் கடித்துப் பார்த்து முடிவு செய்திருந்தோம். அடுத்த மாதமே ஈரம் பார்க்கிற கருவி வாங்கினோம், இப்போது எங்கள் அளவை எழுதி, எல்லோரும் பார்க்க, கையெழுத்துப் போட்டுத்தான் மூட்டை கட்டுகிறோம். வாங்குகிறவரிடமும் கருவி இருக்கட்டும், நம்மிடமும் இருக்கட்டும். கிழங்குக்குப் பாயிண்ட் தராசு, வெள்ளிக்கு டச் பார்க்கிற எந்திரம், காபிக்கு ஈரக் கருவி: அளக்கிற கருவி எதிராளியிடம் மட்டும் இருக்கிற தொழிலில் முதலில் அதைத்தான் பொதுவில் வாங்க வேண்டும், எந்திரம் கூட அப்புறம்தான்.

பழம் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். அது புளித்த தண்ணீர், கீழே இருக்கிற ஊரின் குடிநீரைக் கெடுக்கும். குழி வெட்டி அதில் விடுங்கள், தோலை மக்கவைத்தால் தோட்டத்துக்கே எருவாகும். கூட்டு என்பதில் கீழூரும் சேர்த்திதான்.

பதிவு எப்போது, எதில்

ஒரு சீசனாவது சேர்ந்து வேலை பார்த்து, ஒரு தடவையாவது சண்டை போட்டு, அதைத் தீர்த்த பிறகு பதிவு செய்யுங்கள். வழிகள் மூன்று நாலு இருக்கின்றன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பயிற்சி, பொதுக்குரல், கண்காட்சி போன்றவற்றுக்கு அது போதும், லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள அது இடமில்லை. வாங்கி விற்கிற வேலை என்றால் கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் கம்பெனியோ. உற்பத்தியாளர் கம்பெனிக்குக் குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும், இயக்குநர்கள் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளிக்குக் குறைந்தது 300 உறுப்பினர், மலைப்பகுதிக்கு 100 என்று வைத்தார்கள், மூன்று வருடத்தில் நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவியும் அறிவித்தார்கள். நல்ல உதவிதான். ஆனால் அந்த 300-க்காக ஊர் ஊராகப் போய் ஆதார் நகல் வாங்குகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும். தனக்கு ஒரு கம்பெனியில் பங்கு இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பத்துப் பேர் பத்துப் பேராக ஏழெட்டு ஊரில் நன்றாக நடந்து, அந்தக் குழுக்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆவதுதான் எனக்குத் தெரிந்து நிற்கிற வழி.

வருடா வருடம் கணக்குத் தாக்கல், தணிக்கை, இயக்குநர் கூட்டம் எல்லாம் உண்டு, தாமதித்தால் அபராதம் ஏறும். ஆடிட்டர் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் பட்டறை, சின்ன ஆலை வைத்திருப்பவர்களுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, முக்கியம். 2006-ம் வருடத்துச் சட்டப்படி சிறு, குறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டி நிறுத்திவைத்தால், பணம் கொடுக்கிற வரைக்கும் வாங்கியவர் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்று இப்போது விதி இருக்கிறது. தனியாக ஒரு பட்டறைக்காரர் இந்தச் சட்டத்தைப் பேசினால் அடுத்த ஆர்டர் வராது என்கிற பயம் நியாயமானது. இருபது பட்டறை சேர்ந்து, எங்கள் தெருவில் 30 நாள்தான் தவணை என்று ஒரே மாதிரி பில் அடித்தால் யாரைத் தள்ளிவைப்பது?

அரசு நிலையங்களும் ஊர்ப் பெயரும்

சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம், ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஏத்தாப்பூர் நிலையம், மாவட்டத் தொழில் மையம், நெசவுக்கு 1960-லிருந்து சேலத்தில் இருக்கிற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். இவ்வளவும் ஒரு மணி நேர, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் வைத்திருக்கிற மாவட்டம் நம்முடையது. மனு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கேள்வி எடுத்துக்கொண்டு போங்கள். 'உதவி செய்யுங்கள் ஐயா' என்றால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், 'எங்கள் பத்துத் தோட்டத்தில் ஏழில் தண்டு துளைப்பான் வந்திருக்கிறது, மூன்றில் வரவில்லை, நிழல் மரம்தான் வித்தியாசமாகத் தெரிகிறது, வந்து பார்க்கிறீர்களா மேடம்' என்றால் விஞ்ஞானி தானே வண்டி ஏறுவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஊர்ப் பெயரைக் காப்பதும் கூட்டு வேலை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பத்து வருடத்துக்கு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும், பெயரைப் போட்டு விற்கிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும். ஆனால் காகிதம் மட்டும் பெயரைக் காக்காது. மக்காச்சோள மாவு கலந்த ஜவ்வரிசியை ஒருவர் விற்றாலும், வடக்கே இருக்கிற கடைக்காரர் திட்டுவது அந்த ஆளை இல்லை, சேலத்தை. கலப்படம் செய்கிறவரைப் பக்கத்து ஆலைக்காரர் கேட்கிற துணிச்சல் வர வேண்டும், அந்தத் துணிச்சலுக்குச் சங்கம் பின்னால் நிற்க வேண்டும். காபியிலும் ஏற்காடு என்ற பெயருக்கு இப்போது வெளியூரில் கொஞ்சம் மதிப்பு வருகிறது. அதற்குள் வேறு இடத்துக் கொட்டையைக் கலக்கிற பேச்சு எங்கள் கூட்டத்திலேயே ஒருமுறை வந்தது, அன்றைக்கு இரவு பதினோரு மணி வரை பேசித்தான் வேண்டாம் என்று முடித்தோம். வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இன்னும் குழுவில்தான் இருக்கிறார்கள்.

இந்த வருடமே ஆரம்பிக்க நினைக்கிற மலைக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு நாள்கணக்கு. காபியைப் பூக்க வைக்கிற பூ மழை மார்ச், ஏப்ரலில், அப்போதே பன்னிரண்டு பெயரும் முடிவாகட்டும். ஜூனில் முதல் சின்னக் கடன் கொடுத்துப் பாருங்கள், யார் எப்படித் திருப்பினார்கள் என்பதில் பொருளாளர் யார் என்று தெரிந்துவிடும். ஆகஸ்டில் இடமும் தகரமும். செப்டம்பரில் பல்பரைக் கழற்றித் தேய்ந்த பாகங்களை மாற்றுங்கள், சேலத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தால் தீபாவளி நெருங்கினபிறகு கிடைக்க மாட்டார். அக்டோபரில் தராசு முத்திரை, ஈரக் கருவி, கரும்பலகை. முதல் பழம் சிவக்கிற வாரம் ஒரே ஒரு மூட்டையை எல்லோரும் நின்று பார்க்க உரித்து, கழுவி, காயவைத்து, எத்தனை கிலோ வந்தது என்று பலகையில் எழுதி அழிக்காமல் விடுங்கள்.